ஈப்பருக்குப் போக எந்த வண்டி? விமான நிலைய டாக்சியும் மற்ற வழிகளும்

பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டியிருக்கும் சிற்றூர் ஈப்பர். பிரெஞ்சுக்காரர்கள் ஈப்ர் என்பார்கள். சுற்றுக் கிராமங்களைச் சேர்த்தாலும் மக்கள்தொகை 35 ஆயிரத்தைச் சுற்றித்தான். இடைக்காலத்தில் கம்பளித் துணி வணிகத்தில் கொழித்த ஊர், முதல் உலகப் போரின் நான்கு ஆண்டுகளில் தரைமட்டமானது. பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். 1304இல் முதன்முதலாக முடிந்த துணி மண்டபத்தை மீண்டும் எழுப்பி முடிக்க 1967 ஆகிவிட்டது.

இந்த ஊரில் தினமும் இரவு 8 மணிக்கு மெனின் கேட் என்ற பெரிய நினைவு வளைவின் கீழ் எக்காளம் ஊதி, போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவார்கள். 1928இல் தொடங்கிய வழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலம் தவிர, இன்றுவரை நடந்துவருகிறது. உடல் கிடைக்காமல் போன 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அந்த வளைவில் செதுக்கப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் இந்தியப் படையினரின் பெயர்களும் அவற்றில் உண்டு. 1914 அக்டோபர் 31 அன்று காட்டிய வீரத்துக்காக, இந்தியப் படைவீரர்களில் முதலாவதாகக் குதாதாத் கானுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்தச் சண்டை நடந்த ஹொல்லபேக் இன்று ஈப்பர் நகராட்சிக்குள் இருக்கும் ஒரு கிராமம்.

ஊருக்கென்று விமான நிலையம் கிடையாது. எங்கே இறங்கினாலும் கடைசித் தூரத்தைத் தரையில்தான் கடக்க வேண்டும். ‘டாக்சி பிடித்துவிடலாமா, ரயிலில் போகலாமா’ என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. பலர் இதைக் கிலோமீட்டர் கணக்கில் யோசிக்கிறார்கள். என் கணிப்பில் அதைவிட முக்கியமானவை மூன்று: வண்டி எந்தப் பக்கம் காலியாக ஓடுகிறது, எத்தனை பேர் போகிறோம், விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது.

எங்கே இறங்குகிறீர்கள்?

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வளைகுடா நகரம் ஒன்றில் மாறி வருபவர்கள் பெரும்பாலும் பிரஸ்ஸல்ஸின் முக்கிய விமான நிலையமான ஸாவென்டமில் இறங்குவார்கள். அங்கிருந்து ஈப்பர் சுமார் 130 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

ஐரோப்பாவுக்குள்ளிருந்து மலிவு விமானத்தில் வருபவர்கள் ஷார்லருவாவில் இறங்கக்கூடும். டிக்கெட்டில் ‘பிரஸ்ஸல்ஸ் தெற்கு’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பிரஸ்ஸல்ஸ் அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். ஈப்பருக்கு அதுவும் ஸாவென்டம் அளவுக்குத் தொலைவுதான், சற்றுக் கூடவே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு: ஸாவென்டமின் அடித்தளத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது, ஷார்லருவா விமான நிலையத்தில் ரயிலே இல்லை.

வரைபடத்தில் ஈப்பருக்கு மிக அருகில் இருக்கும் பெரிய பயணிகள் விமான நிலையம் பெல்ஜியத்தில் அல்ல, பிரான்ஸில். லீல் நகரின் லெஸ்கான் விமான நிலையம் 40 கிலோமீட்டர் போலத்தான். வட ஆப்பிரிக்கா, மத்திய தரைக்கடல், பிரான்ஸின் உள்ளூர் விமானங்கள்தான் அங்கே அதிகம். நம் ஊரிலிருந்து வருபவருக்கு நேரடியாகப் பயன்படாது. பாரிஸில் இறங்குபவர்களுக்கு வேறு கணக்கு; அதைக் கீழே பார்க்கலாம். கடற்கரையில் ஆஸ்டெண்டிலும் ஒரு விமான நிலையம் உண்டு. விடுமுறைச் சுற்றுலா விமானங்களுக்கானது. அதை விட்டுவிடலாம்.

காலியாகத் திரும்பும் வண்டி

தமிழ்நாட்டில் வெளியூருக்கு வண்டி எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒருவழிப் பயணம் போனாலும், ஓட்டுநர் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்துப் பழைய டிராவல்ஸ்காரர்கள் காசு கேட்பார்கள். பிறகு ‘ஒன் வே டிராப்’ நிறுவனங்கள் வந்தன. திரும்பும் வழியில் வேறு சவாரி பிடித்துக்கொள்வதால் அவர்களால் ஒருவழிக் காசுக்கு ஓட்ட முடிகிறது. ஈப்பர் டாக்சியின் சூட்சுமமும் இதுதான்.

ஸாவென்டமில் வருகைக் கூடத்துக்கு வெளியே நிற்கும் டாக்சி அந்தப் பக்கத்தில் ஓடுவது. 130 கிலோமீட்டர் உங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஈப்பரில் சவாரி தேடி நிற்க அதற்கு வழியில்லை. அங்கே தெருவில் கைகாட்டி டாக்சி பிடிக்கும் பழக்கமும் கிடையாது. ஆக ஓட்டுநர் காலியாகத் திரும்புவார். அந்தத் தொகை மீட்டரிலோ, அவர் சொல்லும் மொத்த விலையிலோ எப்படியும் உங்கள் தலையில்தான் விழும். பிரஸ்ஸல்ஸ் நகர மையத்துக்கு இதே வரிசை டாக்சி 50 யூரோவை ஒட்டி முடிந்துவிடும். ஈப்பருக்கு மீட்டர் போட்டால் 250, 300 என்று ஏறிக்கொண்டே போகும்.

ஈப்பர், போப்பரிங்க, ருசலாரே, கோர்ட்ரைக் போன்ற ஊர்களில் இருக்கும் சிறு டாக்சி நிறுவனங்களின் நிலை நேர்மாறானது. அவர்களின் முக்கியமான வருமானங்களில் ஒன்று உள்ளூர்க்காரர்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவது. விடியற்காலையில் ஒரு குடும்பத்தை ஸாவென்டமில் இறக்கிவிட்டு அந்த வண்டி எப்படியும் மேற்கே திரும்பியாக வேண்டும். உங்கள் விமானம் அந்த நேரத்தை ஒட்டி இறங்கினால், காலியாக வரவேண்டிய வண்டியில் நீங்கள் ஏறுகிறீர்கள். அவர்கள் விலையைக் குறைத்துச் சொல்ல அங்கே இடம் இருக்கிறது.

பிரான்ஸில் இந்தக் காலி ஓட்டம் மீட்டருக்குள்ளேயே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பாரிஸுக்கு வெளியே டாக்சிக் கட்டணம் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. ஏ, பி இரண்டும் வண்டி பயணியோடு திரும்பும் பயணத்துக்கு; சி, டி இரண்டும் வண்டி காலியாகத் திரும்பும் பயணத்துக்கு, ஏறத்தாழ இரட்டை வீதம். லீலிலிருந்து 40 கிலோமீட்டர்தானே என்று அங்கே வரிசை டாக்சியில் ஏறுபவர் இந்த சி வகையில்தான் மாட்டுவார். இரவாகவோ ஞாயிற்றுக்கிழமையாகவோ இருந்தால் டி வகை.

எனவே விலை கேட்கும்போது விமான நிலையப் பக்கத்து நிறுவனம் ஒன்றிடமும், ஈப்பர் பக்கத்து நிறுவனம் ஒன்றிடமுமாக இரண்டு பக்கமும் கேளுங்கள். நான்கு இணையத் தரகுத் தளங்களில் தேடுவதைவிட இது பலன் தரும். அந்தத் தளங்களில் பல வேலையை யாரோ ஒரு பிரஸ்ஸல்ஸ் ஓட்டுநருக்குக் கைமாற்றி நடுவில் கமிஷன் எடுப்பவை. காலி ஓட்டமும் கமிஷனும் சேர்ந்து விலையில் வரும். ஈப்பரில் தங்கப்போகும் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ‘உங்கள் விருந்தினர்களுக்கு வழக்கமாக வரும் டாக்சி எது’ என்று கேட்டால் பெரும்பாலும் பெயரும் எண்ணும் வந்துவிடும். அந்த ஊரில் எழுத்தில் ஆங்கிலம் தாராளமாகச் செல்லும்.

முன்பதிவு செய்த முழு வண்டிக்கு 200 யூரோவுக்கு மேல் எதிர்பார்க்கலாம். ரூபாயில் 20 ஆயிரத்தைத் தாண்டும். இது தலைக்கு அல்ல, வண்டிக்கு. அதனால்தான் எத்தனை பேர் என்ற கேள்வி முக்கியமாகிறது.

ரயில்

ஸாவென்டமில் வருகைக் கூடம் இரண்டாம் தளத்தில் இருக்கிறது, ரயில் அடித்தளத்தில். மின்தூக்கியில் இறங்கினால் நேரே நடைமேடைப் பகுதி. ஈப்பருக்கு நேரடி ரயில் இல்லாவிட்டாலும் ஒரே ஒரு மாற்றத்தில் போய்விடலாம்; பெரும்பாலும் கோர்ட்ரைக்கில், சில வேளை கென்ட்டில். மொத்தம் இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம். டிக்கெட் ஒருவருக்கு 30 யூரோவை ஒட்டி வரும். விமான நிலைய நிலையத்தைப் பயன்படுத்துவதற்கென்று தனியாக ஒரு கட்டணம் உண்டு. அது டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும். வாயிலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்தால்தான் கதவு திறக்கும், ஆகவே டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெல்ஜிய ரயிலில் எனக்குப் பிடித்தது, சாதாரண டிக்கெட் குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போடப்படுவதில்லை என்பது. இருக்கை முன்பதிவும் இல்லை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் அதே டிக்கெட்டில் அன்றைக்கு வரும் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். டாக்சி முன்பதிவில் இந்த நிம்மதி கிடைப்பது அரிது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெரியவர்கள் கூட்டிப்போனால் பெரும்பாலான நேரங்களில் இலவசம். வேலைநாள் காலை நேரத்துக்கு மட்டும் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்ரைக்கில் மாறும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேற்கே போகும் சில ரயில்கள் அந்த நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஈப்பர் வழியாக போப்பரிங்கவுக்கு, மறு பாதி எல்லை தாண்டி லீலுக்கு. நடைமேடை சரியாக இருந்தும் பெட்டி மாறிவிட்டால் பிரான்ஸில் போய்த்தான் கண் விழிக்க வேண்டும். பெட்டியின் திரையில் ‘போப்பரிங்க’ என்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நடத்துநரைக் கேளுங்கள்.

ஈப்பர் நிலையத்திலிருந்து பெரிய சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம், பத்துப் பதினைந்து நிமிடம். பாவுகல் பதித்த தெருக்களில் சூட்கேஸின் சிறு சக்கரங்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

ரயிலின் உண்மையான பலவீனம் சாமானும் படிகளும்தான். பழைய பெட்டிகளில் படி உயரம். ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டிகளோடு இருக்கும் முதியவர்களை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவது அவர்களுக்கும் கஷ்டம், கூட வருபவருக்கும் கஷ்டம். சக்கர நாற்காலி வேண்டியவர்களுக்கு ரயில்வே நிறுவனம் ஏற்றி இறக்க ஆள் அனுப்பும், ஆனால் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். தாமதமான விமானத்தோடு அந்த ஏற்பாடு ஒத்துப்போவது சிரமம்.

இன்னொன்று வேலைநிறுத்தம். அண்மை ஆண்டுகளில் பெல்ஜியத்தில் அது அடிக்கடி நடக்கிறது. வேலைக்கு வராதவர்கள் 72 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், எந்தெந்த ரயில் ஓடும் என்ற மாற்று அட்டவணையை நிறுவனம் முந்தின நாளே வெளியிட்டுவிடும். அன்றைக்கு முக்கியத் தடங்களில் ரயில் ஓடினாலும் ஈப்பர் போன்ற ஓரத்துக் கிளைத் தடத்தில் ஓடுமா என்பது சந்தேகமே. பயணத்துக்கு மூன்று நாள் முன்பு ஒருமுறை செய்தியைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் உடனே டாக்சிக்குச் சொல்லிவிடுங்கள்; முந்தின நாள் மாலையில் எல்லோரும் அதையே செய்வார்கள்.

தலைக்கணக்கு

ஒருவர் தனியாகப் போனால் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். 30 யூரோ எங்கே, 200க்கு மேல் எங்கே. மிச்சமாகும் பணத்தில் ஈப்பரில் ஓரிரு இரவு தங்கிவிடலாம்.

இரண்டு பேர் என்றாலும் என் வாக்கு ரயிலுக்கே. டாக்சியால் மிச்சமாகும் நேரம் முக்கால் மணி, அதிகம் போனால் ஒரு மணி. பிரஸ்ஸல்ஸ் வட்டச்சாலை நெரிசலில் அந்த முக்கால் மணியும் கரைந்துவிடும்.

மூன்று பேர் ஆகும்போது தராசு ஆடத் தொடங்குகிறது. நான்கு பெரியவர்கள் என்றால் ரயிலுக்கு 120 யூரோ, டாக்சிக்கு 220 என்று வைத்துக்கொள்ளலாம். தலைக்கு 25 யூரோ அதிகம் கொடுத்தால் வாசலிலிருந்து வாசலுக்குப் போய்விடலாம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்த குடும்பத்துக்கு அந்த 25 யூரோ வீண் இல்லை என்பது என் எண்ணம். ஆறு, ஏழு பேர் என்றால் எட்டு இருக்கை வேன் ஒன்றே போதும். தலைக்கணக்கில் ரயிலுக்கு அருகே வந்துவிடும். ஆனால் எட்டு இருக்கை என்றால் எட்டு ஆளும் எட்டுப் பெரிய பெட்டியும் ஏறும் என்று அர்த்தமில்லை. பதிவு செய்யும்போது ஆள் கணக்கோடு பெட்டிக் கணக்கையும் எழுதிவிடுங்கள். சாதாரண செடானில் நான்கு பேரும் நான்கு பெரிய சூட்கேஸும் ஏறவே ஏறாது.

சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கான இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் அதற்கான இருக்கை வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. டாக்சிக்குச் சில விலக்குகள் இருந்தாலும், நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை மணி நேரம் போகும்போது விலக்கைத் தேடாமல் இருக்கையைத் தேடுவதே நல்லது.

மணி என்ன?

பிரஸ்ஸல்ஸ் வட்டச்சாலை விமான நிலையத்தை ஒட்டியே ஓடுகிறது. காலை 7 முதல் 9:30 வரையிலும், மாலை 4 முதல் 7 வரையிலும் அதில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். குறிப்பாக வில்வோர்ட் மேம்பாலப் பகுதியில். அதைத் தாண்டி ஈ40 நெடுஞ்சாலையில் கென்ட், பிறகு ஈ17இல் கோர்ட்ரைக், அங்கிருந்து ஏ19. இந்த ஏ19 ஈப்பர் வாசலில் வந்து சட்டென்று முடிந்துபோகிறது. கோடைகாலச் சனிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகும் கூட்டம் கென்ட் வரை உங்களோடு வரும். மீட்டர் டாக்சியில் இந்த நெரிசலுக்கும் நீங்கள்தான் காசு தருவீர்கள். பேசி முடித்த விலை என்றால் அது ஓட்டுநரின் கவலை. மீட்டரை நம்பி 130 கிலோமீட்டர் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இது.

இறங்கிய அன்றே 8 மணி அஞ்சலியைப் பார்க்க வேண்டுமா? பிற்பகல் 2 மணிக்குள் இறங்கும் விமானமென்றால் ரயிலிலேயே தாராளமாகப் போகலாம். 4 மணிக்கு இறங்கினால் டாக்சிகூட நிச்சயமில்லை: குடியேற்ற வரிசை, பெட்டி, மாலை நெரிசல் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஐரோப்பிய எல்லைகளில் 2025 அக்டோபர் முதல் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறையைத் தொடங்கியிருக்கிறார்கள்; அந்த முறை வந்தபின் முதன்முறை வருபவருக்கு அதிலும் கொஞ்ச நேரம் போகும். அஞ்சலி தினமும் நடப்பதுதான். அவசரப்பட்டு 250 யூரோ கொடுப்பதைவிட மறுநாள் நின்று பார்க்கலாம். 8 மணியை ஒட்டி மெனின் கேட் வழியாக வண்டிகளை விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தெருவில் விடுதி என்றால் டாக்சி சுற்றி வரும், அல்லது சற்றுத் தள்ளி இறக்கிவிடும்.

இரவு 9 மணிக்கு மேல் இறங்குபவர்களுக்கு ரயில் கைவிட்டுவிடும். கோர்ட்ரைக் வரை போய்விட்டு ஈப்பர் ரயிலைத் தவறவிட்டால், மிச்சமிருக்கும் 30 கிலோமீட்டருக்கு அங்கே நள்ளிரவில் டாக்சி தேட வேண்டும். இரவு வருகைக்கு இரண்டே வழிதான் சரி: ஈப்பர் பக்கத்து டாக்சியை முன்பே பேசி வைப்பது, அல்லது விமான நிலையத்தருகே ஓர் இரவு தங்கிக் காலை ரயில் பிடிப்பது. இரண்டு பேருக்கு அறை வாடகையும் ரயிலும் சேர்த்துப் பார்த்தால் டாக்சிக்குச் சற்றே கீழே வரும். நல்ல தூக்கத்தையும் சேர்த்தால் தங்குவது மேல். நான்கு பேர் என்றால் இரண்டு அறை வேண்டும், அப்போது டாக்சிதான்.

ஷார்லருவாவும் பாரிஸும்

ஷார்லருவாவில் இறங்கினால் என் தீர்ப்பு மாறிவிடுகிறது. பேருந்தில் ஷார்லருவா மைய நிலையம் போய், அங்கிருந்து மோன்ஸ், டூர்னே வழியாக எல்லையோர ஊர் ஒன்றில் மாறி, கோர்ட்ரைக்கில் மறுபடி மாறி ஈப்பர் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பிரஸ்ஸல்ஸ் தென் நிலையத்துக்குத் தனியார் பேருந்து இருக்கிறது. அதில் போய் ரயில் பிடிப்பது ஓரளவு நேர்வழி, நேரம் என்னவோ அதேதான். மலிவு விமானத்தில் மிச்சம் பிடித்த 40 யூரோ இங்கே போய்விடும். இரண்டு பேராக இருந்தாலும், மாலை விமானமாக இருந்தால் ஷார்லருவாவுக்கு நான் முன்பதிவு டாக்சியைச் சொல்வேன். விமானச் சீட்டு வாங்கும்போதே இந்தச் செலவைச் சேர்த்துப் பாருங்கள்.

பாரிஸ் வழி வருபவர்களுக்கு (பாரிஸின் தமிழர் பகுதியான லா ஷப்பேல் பக்கம் உறவினர் இருக்கும் ஈழத் தமிழர்கள் பலருக்கும் இதுவே வழி) எளிய பாதை ஒன்று உண்டு. ஷார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்தே லீலுக்கு அதிவேக ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். லீலின் இரு நிலையங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. இன்னொன்றுக்கு நடந்துபோய் கோர்ட்ரைக் ரயில் பிடித்து, அங்கே ஈப்பருக்கு மாறலாம். இதில் டாக்சிக்கு வேலையே இல்லை, கடைசி ரயிலைத் தவறவிட்டாலொழிய. அதிவேக ரயில் டிக்கெட் மட்டும் பெல்ஜியம் போல அல்ல. முன்பே வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் கொள்ளை விலை.

வாடகைக் கார், செயலி டாக்சி

ஈப்பரைச் சுற்றிய போர்க்களங்களும் கல்லறைகளும் சிதறிக் கிடக்கின்றன. 12 ஆயிரம் கல்லறைகள் வரை இருக்கும் டைன் காட் என்ற போர்க் கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மூன்று நாள் தங்கி எல்லாவற்றையும் பார்க்க நினைக்கும் குடும்பத்துக்கு வாடகைக் கார் டாக்சியைவிடக் கட்டுப்படியாகும். ஆனால் இரவெல்லாம் பறந்து வந்த கையோடு, வலப்பக்கமாக ஓட்டும் நாட்டில், காலை நெரிசலில் பிரஸ்ஸல்ஸ் வட்டச்சாலையில் இறங்காதீர்கள். முதல் நாள் ரயிலில் போய்த் தூங்கி எழுந்து, மறுநாள் கோர்ட்ரைக் பக்கம் கார் எடுக்கலாம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பெல்ஜியத்தில் குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சின்னத் தெருவிலிருந்து ஒரு வண்டி உங்களைப் பார்க்காமலே நுழைந்தால் அது அவருடைய உரிமை. வழிகாட்டிப் பலகையில் லீலை ரைசல் என்றும் டூர்னேயை டோர்னிக் என்றும் எழுதியிருப்பார்கள்.

நினைவிடங்களைக் காட்டப் பகுதி நாள் வேன் சுற்றுலாக்கள் ஊரிலேயே உண்டு. சைக்கிளும் கிடைக்கும், சிறு மேடுகள் தவிர நிலம் தட்டையாகத்தான் இருக்கும். ஓரிரு நாள் தங்குபவருக்குக் கார் தேவையே இல்லை.

ஊபர் போன்ற செயலிகள் ஸாவென்டமில் வேலை செய்கின்றன. ஈப்பருக்குப் போட்டுப் பார்த்தால் சில வேளை வரிசை டாக்சியைவிடக் குறைவான விலை காட்டும். ஆனால் நீண்ட தூரத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுநர் ரத்து செய்வதுண்டு. திரும்பும் பயணத்தைச் செயலியை நம்பி வைத்துக்கொள்ளவே கூடாது. விடியற்காலை 4 மணிக்கு ஈப்பரில் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வருகைக் கூடத்துக்குள்ளேயே ‘டாக்சி, டாக்சி’ என்று பக்கத்தில் வந்து கேட்பவர்களோடு போகாதீர்கள். உரிமம் பெற்ற டாக்சியின் எண் பலகை டி, எக்ஸ் (TX) என்ற எழுத்துகளில் தொடங்கும். ஓட்டுநரோடு வாடகைக்கு விடப்படும் சொகுசுக் கார்களுக்கு டி, எல் (TL). வண்டியில் ஏறும் முன் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

பதிவு செய்யும்போது

மின்னஞ்சலில் இறங்கும் நேரத்தை மட்டும் எழுதாமல் விமான எண்ணையும் எழுதுங்கள். விமானம் தாமதமானால் ஓட்டுநர் அதைப் பார்த்துக் கிளம்புவார். எத்தனை நிமிடம் இலவசமாகக் காத்திருப்பார், அது விமானம் தரையிறங்கியதிலிருந்தா, நீங்கள் சொன்ன நேரத்திலிருந்தா என்று கேளுங்கள். கைரேகை வரிசையில் ஒரு மணி நேரம் போனால் இதில்தான் தகராறு வரும். இரவுக் கட்டணமும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டணமும் சொன்ன விலைக்குள் அடங்குமா என்பதையும், அட்டையில் செலுத்தலாமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, பெட்டிகளைத் தூக்கி உதவினால் சில்லறையை விட்டுவிடுவார்கள்.

தேதியையும் பாருங்கள். நவம்பர் 11 போர் நினைவு நாள்; அன்று ஈப்பரில் நிற்க இடமிருக்காது, தெருக்கள் மூடியிருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மே மாதம் நடக்கும் பூனை ஊர்வலமும் அப்படித்தான். 2024க்குப் பிறகு அடுத்தது 2027இல். அந்த நாள்களில் உள்ளூர் டாக்சிகளுக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயில்தான்.

திரும்பும் பயணத்தில் கணக்கு மாறுகிறது. காலை 7, 8 மணி விமானத்துக்கு ஈப்பரிலிருந்து முதல் ரயில் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. ஒன்று முந்தின இரவே ஸாவென்டம் பக்கம் போய்விட வேண்டும், இல்லையென்றால் விடியற்காலை 3:30க்கு வாசலில் டாக்சி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சாலையில் நெரிசல் இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். ரயிலில் வந்தவர்கள்கூட இந்த ஒரு பயணத்துக்கு டாக்சி எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஈப்பர்க்காரர் உங்களை இறக்கிவிட்டு, அங்கே காலையில் இறங்கும் வேறொருவரை ஏற்றிக்கொண்டு திரும்ப வாய்ப்புண்டு. அதனால் போகும்போதும் வரும்போதும் அவரிடமே பேசினால் இரண்டுக்கும் சேர்த்து விலை கேட்கலாம். பிற்பகல் விமானமாக இருந்தால் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நிலையத்துக்கு நடந்துபோய் ரயில் ஏறலாம்.